இன்ஹேலரில் எதற்குப் பயப்பட வேண்டும்?

காரைக்குடியில் மருந்துக் கடை நடத்துகிறேன். மருந்தாளுநர் படிப்பு முடித்துவிட்டு, அப்பா உட்கார்ந்திருந்த அதே கல்லாவில் உட்கார்ந்தவள். இரத்தக் கொதிப்பு மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் சத்தமாகக் கேட்டு வாங்குகிறவர்கள்கூட, ஆஸ்துமா, இளைப்புக்கான இன்ஹேலர் என்று வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாக்கள், காகிதத்தில் சுற்றித் தரச் சொல்கிறார்கள். "இது பழகிப்போய்விடுமா? பிறகு விடவே முடியாதாமே?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. இந்தப் பயத்தாலேயே இன்ஹேலரை அலமாரியில் வைத்துவிட்டு, ஜூன் மாதம் ஐதராபாத்துக்கு ரயிலேறி, உயிருள்ள குட்டி மீனின் வாயில் வைத்துத் தரும் ஆஸ்துமா ‘மீன் மருந்து’ விழுங்கிவிட்டு வருகிறவர்களையும் எனக்குத் தெரியும்.

பழகிப்போகாது. நோய் நீண்ட நாள் இருப்பதால் மருந்தும் நீண்ட நாள் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பயமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கூட்டு இன்ஹேலரில் பயப்பட வேண்டிய இடங்கள் உண்டு. அங்கெல்லாம் நம் மக்கள் கொஞ்சமும் பயப்படாமல் நடந்துகொள்கிறார்கள். அதுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

கூட்டு இன்ஹேலர் என்பது ஒரே குப்பியில் இரண்டு மருந்து. ஒன்று புளுட்டிகசோன், புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு. மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் வீக்கத்தை அது தணிக்கிறது. முழுப் பலன் தெரிய நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் ஆகும். இன்னொன்று சால்மெட்ரால் அல்லது ஃபார்மோட்டெரால். சுருங்கிய குழாயை விரித்து, ஏறத்தாழ 12 மணி நேரம் அப்படியே வைத்திருக்கும். நோயாளியின் உடம்புக்கு உடனே தெரிவது இந்த இரண்டாவது மருந்தின் வேலை மட்டும்தான். நெஞ்சு லேசாகிறது, மூச்சு வருகிறது. ஸ்டீராய்டு செய்கிற வேலை யாருக்கும் தெரியாது. என் கடையில் நான் பார்க்கிற தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் புறப்படுகின்றன.

விரிக்கும் மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 1996-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வு ஒன்றில் 26,000-க்கும் மேற்பட்ட ஆஸ்துமா நோயாளிகள் சேர்ந்தார்கள். அவரவர் வழக்கமாக எடுத்துவந்த சிகிச்சையோடு, ஒரு பாதிப் பேருக்குச் சால்மெட்ராலும் மறுபாதிப் பேருக்கு மருந்தில்லாத இன்ஹேலரும் 28 வாரங்களுக்குக் கொடுத்தார்கள். ஆஸ்துமாவால் இறந்தவர்கள் சால்மெட்ரால் பக்கத்தில் 13 பேர், மறுபக்கத்தில் 3 பேர். 2003-இல் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மருந்தின் விவரக் குறிப்பில் கறுப்புக் கட்டம் போட்ட கடுமையான எச்சரிக்கை வந்தது. கூட்டு இன்ஹேலர்களும் அந்த எச்சரிக்கையைச் சுமந்தன. பிறகு, ஸ்டீராய்டோடு சேர்த்து ஒரே இன்ஹேலரில் கொடுக்கும்போதும் அந்த ஆபத்து இருக்கிறதா என்று பெரிய ஆய்வுகள் நடத்தி, இல்லை என்று தெளிந்தபின், 2017 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கூட்டு இன்ஹேலர்களிலிருந்து மட்டும் அதை எடுத்தது. ஆஸ்துமாக்காரர் ஸ்டீராய்டு இல்லாமல் சால்மெட்ராலைத் தனியாக எடுக்கக் கூடாது என்பது இன்றும் அப்படியே இருக்கிறது.

ஆக, இரண்டையும் ஒரே குப்பியில் அடைத்திருப்பதே ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. சுகம் தருவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது. அந்த ஏற்பாட்டை வீட்டில் நாமாகவே எப்படியெல்லாம் உடைக்கிறோம் என்பதுதான் மீதிக் கதை.

புதுவயலில் அரிசி ஆலையில் வேலை செய்யும் ஒருவர். சால்மெட்ரால் கலந்த கூட்டு இன்ஹேலர், காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று சீட்டில் எழுதியிருக்கிறது. குப்பியில் 120 முறைக்கான மருந்து. நாளுக்கு நான்கு என்றால் சரியாக 30 நாள் வர வேண்டும். அவர் மாதத்தின் பாதி கழிவதற்குள் மறுபடி வந்து நின்றார். தூசி கிளம்பும்போதெல்லாம் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்கிறேன், சுகமாக இருக்கிறது என்றார். கையை நீட்டுங்கள் அண்ணே என்றேன். பத்து விரல்களின் நுனியும் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன. இரவில் நெஞ்சு படபடக்கிறதா என்று கேட்டதற்கு, ஆமாம், அது இளைப்பால் வருவதுதானே என்று திருப்பிக் கேட்டார்.

சால்மெட்ரால் வேலையைத் தொடங்கவே 10 முதல் 20 நிமிடம் ஆகும். திடீரென்று மூச்சு முட்டும்போது அது உதவாது. அதற்குச் சால்புடமால் போன்ற உடனடி மருந்து தனியாக வேண்டும். அளவு மீறிய சால்மெட்ரால் கைநடுக்கம், படபடப்பு, இரத்தத்தில் பொட்டாசியம் குறைவது என்று இதயத்தின் மேல் போய் விழும். இதய நோய், இரத்தக் கொதிப்பு, தைராய்டு மிகுதி, வலிப்பு, சர்க்கரை ஆகியவை இருப்பவர்கள் அதையெல்லாம் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அன்று அவருக்கு நான் புதுக் குப்பி கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே உடனே அனுப்பினேன். உடனடி இன்ஹேலரோடும், தூசி இல்லாத பிரிவுக்கு மாற்றக் கேட்டு ஒரு கடிதத்தோடும் திரும்பி வந்தார்.

ஃபார்மோட்டெரால் கலந்ததில் நிலைமை வேறு. அது சில நிமிடங்களிலேயே குழாயைத் திறந்துவிடும். அதனால் புடசோனைடும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த இன்ஹேலரைத் தினசரி மருந்தாகவும் அவசர மருந்தாகவும் சில ஆஸ்துமா நோயாளிகளுக்கு மருத்துவர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். 2019-இல் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல், சால்புடமாலை மட்டும் நம்பிக் காலம் தள்ளும் முறையைக் கைவிடச் சொன்னபோது இந்த வழிக்குத்தான் முன்னுரிமை கொடுத்தது. அப்படி எழுதித் தந்திருந்தால், ஒரு நாளில் எத்தனை வரை போகலாம் என்ற உச்சவரம்பையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர் அவசரத்துக்கு இழுக்கிறார் என்பதால் நீங்களும் இழுக்கக் கூடாது. அவருடைய குப்பியில் இருப்பது எது, உங்களுடையதில் இருப்பது எது என்று பெட்டியைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

சால்புடமால் குப்பிக்கும் ஒரு கணக்கு உண்டு. அதில் 200 முறைக்கான மருந்து இருக்கும். வருடத்தில் மூன்று குப்பியோ அதற்கு மேலோ தீர்கிறது என்றால் கடுமையான இழுப்பு வரும் வாய்ப்பு கூடிவிட்டது என்று பொருள். மாதம் ஒன்று தீர்கிறது என்றால் உயிருக்கே ஆபத்து. மாதாமாதம் வந்து சால்புடமால் குப்பியை வாங்கிப்போகிறவர், "கூட்டு மருந்தை நிறுத்திவிட்டேன், இது மலிவாக இருக்கிறது, இதுவே போதும்" என்று சொல்லும்போது எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

அடுத்தது எண் விவகாரம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சால்மெட்ரால், புளுட்டிகசோன் கூட்டில் பெட்டியின் மேல் 125, 250 என்று எண் போட்டிருக்கும். அது ஸ்டீராய்டின் அளவு மட்டும், மைக்ரோகிராம் கணக்கில். சால்மெட்ரால் இரண்டிலும் ஒரே 25-தான். சீட்டில் 250 எழுதியிருக்கிறது, கடையில் 125-தான் இருப்பு இருக்கிறது, "அதனால் என்ன, இரண்டு இழுப்புக்குப் பதில் நான்காக இழுத்துக்கொள்கிறேன்" என்பார்கள். கேட்பதற்குச் சரியான கணக்குப் போலவே இருக்கும். ஸ்டீராய்டு சமமாகிவிடும், உண்மைதான். ஆனால் சால்மெட்ரால் வேளைக்கு 50-லிருந்து 100 ஆகிவிடும், அனுமதித்ததைப் போல இரண்டு மடங்கு. கடைக்காரர் ஒருவர் இப்படி மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். இன்னொரு கடைக்கு நடந்துவிடுங்கள்.

இரண்டு மருத்துவர் பிரச்சினை செட்டிநாட்டுக்கே உரியது. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், பெற்றவர்கள் இங்கே பெரிய வீட்டில் இருப்பார்கள். மகன் வீட்டுக்குப் போன இடத்தில் ஒரு மருத்துவர் ஒரு இன்ஹேலர் எழுதியிருப்பார். இங்கே திரும்பியதும் இன்னொருவர் வேறொன்று எழுதியிருப்பார். முதலாவதில் புடசோனைடும் ஃபார்மோட்டெராலும், இரண்டாவதில் டையோட்ரோபியம் என்ற வேறொரு விரிக்கும் மருந்தும் ஃபார்மோட்டெராலும் இருக்கும். பெயர் வேறு, பெட்டி வேறு. ஆனால் ஃபார்மோட்டெரால் இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளே போகிறது. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. தெரியப்படுத்த வேண்டியது பையோடு வருகிற நாம்தான்.

பை என்றதும் கண்டனூர் பக்கத்திலிருந்து வரும் ஆச்சி ஒருவரின் பை நினைவுக்கு வருகிறது. எழுபதைக் கடந்தவர், தனியாகத்தான் இருக்கிறார். இன்ஹேலர் சரியாக இழுக்கிறார், வாய் கொப்பளிக்கிறார், ஒரு வேளை தவறுவதில்லை. அப்படியிருந்தும் ஒரு மாதமாக இளைப்பு அடங்கவில்லை. வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் ஆச்சி என்றால், வேறொன்றும் இல்லை ஆத்தா என்கிறார். பையைக் கொட்டிக் காட்டச் சொன்னேன். விபூதிப் பொட்டலம், பஸ் டிக்கெட், சாவிக்கொத்து, அதற்கு அடியில் மூடி இறுகாத ஒரு குட்டிக் கண் சொட்டு மருந்துக் குப்பி. கண்ணில் நீரழுத்தம் என்று கொடுத்திருக்கிறார்கள். லேபிளில் டைமோலால் என்று இருந்தது.

கண்ணில் விடும் இரண்டு சொட்டை அவர் மருந்தாகவே எண்ணவில்லை. டைமோலால் கண்ணீர்ப்பாதை வழியாக மூக்குக்கும் அங்கிருந்து இரத்தத்துக்கும் போய்விடும். மூச்சுக்குழாயை விரிக்க இன்ஹேலர் எந்தக் கதவைத் தட்டுகிறதோ, அதே கதவை இது அடைத்துவைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. இதயத்துக்கும் கைநடுக்கத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கிற புரொப்ரனலால், அட்டெனலால் போன்றவையும் இதே குடும்பம்தான். கண் மருத்துவரிடம் தனக்கு ஆஸ்துமா இருப்பதை ஆச்சி சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை போலும். அன்றே தொலைபேசியில் பேசிச் சொட்டு மருந்தை மாற்றி வாங்கினோம். ஒரு வாரம் கழித்து வந்தவர் படி ஏறிய வேகத்திலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது.

படர்தாமரைக்கு மாதக்கணக்கில் இட்ராகோனசோல் விழுங்குகிறவர்கள் இந்த வெக்கை ஊரில் நிறைய. அது உடம்பில் இருக்கும்போது, இன்ஹேலரில் போகும் ஸ்டீராய்டு கல்லீரலில் கழியாமல் தேங்கிவிடும். முகம் உப்பி, சர்க்கரை ஏறி வந்து நிற்பார்கள். தோல் மருத்துவரிடமும் இன்ஹேலரைக் காட்ட வேண்டும் என்பது யாருக்கும் தோன்றுவதே இல்லை.

வாய்க்கு வருவோம். இழுத்தபின் தண்ணீர் ஊற்றி வாய் கொப்பளித்து, தொண்டை வரை கரகரத்து, துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது. செய்யாவிட்டால் வாயில் தங்கும் ஸ்டீராய்டு பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த் திட்டுப் போல வெள்ளை படியும், வழித்தால் அடியில் சிவந்திருக்கும். மிளகும் வரமிளகாயும் வறுத்து அரைத்த குழம்பில் வளர்ந்த நாக்கு, சோற்றில் மோர் ஊற்றினால்கூட எரிகிறது என்று அழும். பல்செட் வைத்திருப்பவர்கள் அதையும் கழற்றிக் கழுவ வேண்டும். காலையும் இரவும் பல் துலக்குவதற்குச் சற்று முன் இன்ஹேலர் இழுக்கிற வழக்கம் வைத்துக்கொண்டால் தனியாக நினைவு வைக்க வேண்டியதில்லை. தேவாரம் பாடுகிற ஒருவர், மருந்து தொண்டையில் பட்டுக் குரல் கம்மிப்போனதும் இன்ஹேலரையே தூக்கிப் போட்டுவிட்டார். ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குடுவையை மாட்டி இழுத்தால் மருந்து தொண்டையில் மோதுவது வெகுவாகக் குறையும். அந்தக் குடுவையைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் உட்புறத்தில் நிலைமின்சாரம் ஏறி, மருந்தெல்லாம் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இழுக்கும் விதம் கருவிக்குக் கருவி வேறு. அழுத்தும் குப்பியை நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டுவிட்டு, அழுத்திய அதே நொடியில் மெதுவாக, ஆழமாக இழுத்து, பத்து எண்ணும் வரை பிடித்துவைக்க வேண்டும். பொடிக் கருவியில் வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். அந்தக் கருவிக்குள் வாயால் ஊதிவிட்டால் ஈரம் பட்டுப் பொடி கட்டிவிடும். பொடி மாத்திரையைத் தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டு, "பலனே இல்லை" என்று திரும்பி வருகிறவர்கள் இன்றும் உண்டு. அது வயிற்றுக்கான மாத்திரை அல்ல, கருவியில் போட்டு உடைத்து உறிஞ்ச வேண்டியது. பால் புரதம் கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்கள் பொடிக் கருவி வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அந்தப் பொடியின் பெரும்பகுதி பாலிலிருந்து எடுக்கும் லாக்டோஸ் சர்க்கரை. இழுத்த மறுகணமே மூச்சு இன்னும் அடைத்தால் அந்தக் கருவியை மறுபடி தொடாதீர்கள். உடனடி இன்ஹேலரை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

பங்குனி, சித்திரையில் இன்னொரு கவலை சேர்ந்துகொள்ளும். வீட்டில் குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டால், வேப்பிலை கட்டி, மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, எல்லா மருந்தையும் நிறுத்திவிடுவது நம் பக்கத்து வழக்கம். பக்தியை நான் குறை சொல்லவில்லை, என் வீட்டிலும் வேப்பிலை கட்டுவோம். ஆனால் அதே வீட்டில் இருக்கும் ஆஸ்துமாக்காரர் இன்ஹேலரைச் சட்டென்று நிறுத்தினால் அவருக்கு இழுப்பு வரும். அதிக அளவில் வெகுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர் என்றால், தானாக ஸ்டீராய்டு சுரக்கும் சுரப்பி மந்தமாகியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் சோர்வு, வாந்தி, மயக்கம் வரலாம். மறுபக்கமும் ஒன்று உண்டு. இதுவரை அம்மை கண்டிராதவர், தடுப்பூசியும் போடாதவர், ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தால் அம்மையோ மணல்வாரியோ அவரைக் கடுமையாகத் தாக்கக்கூடும். அவரை வேறு வீட்டில் தங்கவைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் கேளுங்கள். முன்பு காசநோய் வந்திருந்தாலும் இப்படித்தான், மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கல்யாணத்துக்கோ முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ, வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கும்போது நடப்பதைப் பார்த்திருக்கிறேன். வளவு முழுக்கத் தூசி, இரண்டாம் கட்டில் வௌவால் எச்சம், பெட்டகத்திலிருந்து எடுத்த பழைய ஜமக்காளம். பல்லவன் எக்ஸ்பிரஸில் இரவு வந்து இறங்கியவர்கள் அதை உதறிப் படுப்பார்கள். நள்ளிரவில் ஒருவருக்கு இழுப்பு. அப்பத்தாவின் கூட்டு இன்ஹேலரை வாங்கி நான்கைந்து முறை அழுத்துவார்கள். அது பெரும்பாலும் அவசர மருந்தும் அல்ல, அவருக்கு எழுதியதும் அல்ல. உடனடி இன்ஹேலர் இழுத்தும் நான்கு மணி நேரம் தாங்கவில்லை, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களிடமும் இதையே சொல்லி அனுப்புகிறேன். உடனடி இன்ஹேலர் இடுப்புப் பையில் இருக்க வேண்டும். பின்னால் வரும் வண்டியில் மூட்டையோடு இருந்தால் பயன் இல்லை.

ஆயுள் முழுக்க விறகடுப்பின் முன் உட்கார்ந்து பலகாரம் சுட்ட பெண்களுக்கு வருவது பல நேரம் ஆஸ்துமா அல்ல, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். பீடி தொட்டே அறியாதவர்களுக்கு ஏன் வந்தது என்று வீட்டார் குழம்புவார்கள். அந்த நோயில் கூட்டு இன்ஹேலரின் ஸ்டீராய்டு நிமோனியா வாய்ப்பைச் சற்று உயர்த்துகிறது. 2007-இல் வெளியான பெரிய ஆய்வில், மூன்று ஆண்டுகளில் புளுட்டிகசோன், சால்மெட்ரால் கூட்டு எடுத்தவர்களில் 19.6 சதவீதம் பேருக்கும், மருந்தில்லாத இன்ஹேலர் எடுத்தவர்களில் 12.3 சதவீதம் பேருக்கும் நிமோனியா வந்தது. அதே ஆய்வில் நோய் முற்றி அவதிப்படும் தருணங்கள் கூட்டு மருந்தால் குறைந்தன. எனவே நிறுத்திவிடுங்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். காய்ச்சல், சளியின் நிறம் மாறுவது, அதிக மூச்சிரைப்பு என்று வந்தால் "வழக்கமான இளைப்புதானே" என்று கஷாயத்தோடு நாட்களைக் கடத்தக் கூடாது என்பதுதான் பொருள்.

பெட்டியில் 30 டிகிரிக்குக் கீழே வையுங்கள் என்று போட்டிருக்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும், பூஜை அறை விளக்குக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். காலியானதையும் நெருப்பில் போடாதீர்கள், வெடிக்கும்.

கடைசியாக, பழகிப்போகுமா என்று முதலில் கேட்டவர்களுக்கு. இளைப்பு இல்லாமல் ஏறத்தாழ மூன்று மாதம் கழிந்தால், அளவைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் நீங்களே கேட்கலாம். பாதுகாப்பாகக் குறைப்பதற்கு முறை இருக்கிறது. நாமாக நிறுத்துவது அந்த முறை இல்லை. தேவகோட்டைப் பள்ளி மாணவி ஒருத்தியின் அம்மா, ஸ்டீராய்டால் மகள் உயரம் குறைந்துவிடுமோ என்று தவித்துக்கொண்டிருந்தார். அவர் கவலையில் நியாயம் உண்டு, தினசரி ஸ்டீராய்டு வளர்ச்சியைச் சிறிதளவு மட்டுப்படுத்தலாம். அதனால்தான் குழந்தைகளின் உயரத்தை அவ்வப்போது அளந்து, நோயை அடக்கப் போதுமான மிகக் குறைந்த அளவில் மருந்தை வைக்கிறார்கள். மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன். இரண்டு முறை அளவைக் குறைத்துவிட்டார்கள். இப்போது அந்தப் பெண் பள்ளியில் கபடி ஆடுகிறாள். மாதாமாதம் அவளே கடைக்கு வந்து, பெட்டியைத் திருப்பி எண்ணைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறாள்.